வெல்டிங் சட்டத்திற்கு ஒரு ஃபைலா, பல ஃபைல்களா?

கேட் மென்பொருளில் ஒரு பைப் மேஜையை வரையத் தொடங்கும் எவருக்கும் முதலில் எழும் சந்தேகம் இது. ஒவ்வொரு பைப் துண்டையும் தனித்தனி பார்ட் ஃபைலாக வரைந்து அசெம்ப்ளியில் கோர்ப்பதா? அல்லது முழுச் சட்டத்தையும் ஒரே பார்ட் ஃபைலுக்குள் வரைந்துவிடுவதா?

வெல்டிங் செய்த பின் சட்டம் பிரிக்க முடியாத ஒரே பொருள். வெல்டிங் செய்வதற்கு முன் அது எட்டுத் துண்டுகள். இரண்டுமே உண்மை என்பதால்தான் குழப்பம். திரையில் இரண்டு முறைகளும் ஒன்று போலவே தெரியும். பட்டறைக்குக் கொடுக்கும் கட் லிஸ்ட்டில்தான் வித்தியாசம் தெரியவரும்.

ஒரு மேஜைக் கணக்கு

1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 750 மி.மீ. உயரம் கொண்ட மேஜைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்துவது 40 x 40 ஸ்கொயர் பைப். மூலைகளில் 45 டிகிரி வெட்டு இல்லை. நீளப் பைப்புகளுக்கு நடுவே அகலப் பைப்புகள் உட்காருகின்றன. மேல் சட்டத்திற்கு அடியில் கால்கள் நிற்கின்றன. அப்படியானால் தேவைப்படும் துண்டுகள்:

- நீளப் பைப்: 1200 மி.மீ. – 2
- அகலப் பைப்: 520 மி.மீ. – 2
- கால்: 710 மி.மீ. – 4

மொத்தம் 6280 மி.மீ. கடையில் வாங்கும் பைப்பின் நீளம் 6 மீட்டர் என்றால், வெறும் 280 மி.மீ. குறைவதற்காக இன்னொரு முழுப் பைப் வாங்க வேண்டும். நீளத்தை 1100 ஆகவும் உயரத்தை 720 ஆகவும் குறைத்துப் பாருங்கள். மொத்தம் 5960 மி.மீ. ஆகிறது. ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. சேதாரம் என 8 வெட்டுகளுக்கு 24 மி.மீ. சேர்த்தாலும் 5984 மி.மீ.தான். ஒரே பைப்பில் வேலை முடிந்துவிடும்.

அளவை மாற்றியதும் இந்தக் கணக்கு தானாக மாற வேண்டும். அதற்கு ஏற்றபடி ஃபைலை அமைப்பதுதான் முக்கியம்.

முறை 1: ஒரே ஃபைல், பல பாடிகள்

சாலிட்வொர்க்ஸ் பின்பற்றும் முறை இது. புதிய பார்ட் ஃபைலைத் திறந்து, சட்டத்தின் கோடுகளை 3டி ஸ்கெட்ச்சாக வரையுங்கள். பிறகு இன்சர்ட் மெனுவில் வெல்ட்மென்ட்ஸ் பிரிவில் உள்ள ஸ்ட்ரக்சுரல் மெம்பர் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பைப்பின் வகையையும் அளவையும் கொடுத்துக் கோடுகளை க்ளிக் செய்யுங்கள். ஒவ்வொரு பைப்பும் தனி பாடியாக உருவாகும். ஒன்றில் ஒன்று புகுந்து நிற்கும் முனைகளை டிரிம்/எக்ஸ்டெண்ட் கட்டளையால் சரிசெய்யுங்கள். டிராயிங்கில் வெல்ட்மென்ட் கட் லிஸ்ட் டேபிளைச் சேர்த்தால் நீளமும் எண்ணிக்கையும் தாமாகவே வந்துவிடும்.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, பைப்பின் மையம் கோட்டின் மீது அமைந்திருந்தால், 1200 x 600 என வரைந்த சட்டத்தின் வெளி அளவு 1240 x 640 ஆகிவிடும். கோட்டை உள்ளே தள்ளி வரையுங்கள். அல்லது பைப்பின் எந்த விளிம்பு கோட்டில் பொருந்த வேண்டும் என்பதை லொகேட் புரொஃபைல் வசதியில் மாற்றுங்கள். இரண்டு, "எப்படியும் வெல்டிங் செய்யப்போகிறோமே" என்று எல்லா பாடிகளையும் கம்பைன் கட்டளையால் ஒன்றாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கட் லிஸ்ட்டில் எட்டுத் துண்டுகளுக்குப் பதிலாக ஒரே பொருள்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வெல்டர் எதையும் வெட்ட முடியாது.

முறை 2: அசெம்ப்ளி

ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் வெல்ட்மென்ட் என்பது அசெம்ப்ளியின் ஒரு வகை. இதில் வெல்டிங்கிற்கு முன் செய்யும் தயாரிப்பு, வெல்டிங், அதன் பின் செய்யும் மெஷினிங் என மூன்று கட்டங்கள் தனித்தனியாக இருக்கும்.

இந்தப் பிரிவினை ஏன்? வெல்டிங் சூட்டில் இரும்பு சற்று வளையும், இழுக்கும். எனவே மோட்டார் பொருத்தும் பிளேட் போன்றவற்றில் துல்லியமான துளைகளை வெல்டிங் முடிந்த பிறகே போடுவார்கள். மெஷினிங் கட்டத்தில் போடும் துளை அசெம்ப்ளியில் மட்டுமே தெரியும். தனி பிளேட்டின் டிராயிங்கில் தெரியாது. ஆகவே பிளேட் வெட்டுபவர் முன்கூட்டியே துளை போட்டுவிடும் ஆபத்து இல்லை.

இலவச மென்பொருளில்

வீட்டில் இலவச ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்கள் ஒரே டாகுமெண்ட்டில் ஒவ்வொரு துண்டையும் தனி பாடியாக வரையலாம். ஒரே மாதிரியான நான்கு கால்களுக்கு ஒன்றை மட்டும் வரைந்து மற்ற மூன்றையும் லிங்க்காகச் சேர்த்தால், ஒன்றை மாற்றும்போது நான்கும் மாறும். உள்ளேயே இருக்கும் ஸ்பிரெட்ஷீட்டில் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கொடுத்து, அகலத்திலிருந்து 80-ஐக் கழித்தால் அகலப் பைப், உயரத்திலிருந்து 40-ஐக் கழித்தால் கால் என்று சூத்திரம் எழுதுங்கள். மாடலின் அளவுகளையும் இந்தக் கட்டங்களோடு இணைத்துவிட்டால் அதுவே உங்கள் கட் லிஸ்ட். 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பு முதல் அசெம்ப்ளி வசதியும் இதனுடனேயே கிடைக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

- ஒரே இடத்தில் வெட்டி, அங்கேயே வெல்டிங் செய்யும் சட்டம் என்றால் ஒரே ஃபைல் போதும்.
- ஒரு துண்டு வேறு பொருட்களிலும் பயன்படுகிறது, அல்லது லேசர் கட்டிங்கிற்காக வெளியே போகிறது என்றால் அதற்குத் தனி ஃபைல் வைப்பது நல்லது.
- வெல்டிங்கிற்குப் பின் மெஷினிங் உண்டு என்றால், சட்டத்தின் இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டும் முறை தேவை.
- சக்கரம், கீல், போல்ட் போல நகரும், கழற்றும் பொருட்கள் அசெம்ப்ளியில்தான் சேர வேண்டும். அங்கே வெல்டிங் சட்டம் முழுவதும் ஒரே பொருளாக நுழையும்.

பெரும்பாலான வீட்டு வேலைகளுக்குக் கடைசி வரியே நல்ல வழி: வெல்டிங் செய்வது எல்லாம் ஒரு ஃபைலில், போல்ட் போடுவது எல்லாம் அசெம்ப்ளியில். எந்த முறையில் வரைந்தாலும், பைப் வாங்கக் கிளம்பும் முன் கட் லிஸ்ட்டின் நீளங்களை ஒருமுறை காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். வரைபடத்தில் அளவை மாற்றச் சில விநாடிகள் போதும். குறைவாக வெட்டிய பைப்பை நீட்ட முடியாது.