பியூரெட்டில் எந்த விளிம்பைப் படிப்பது?

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில், பியூரெட்டில் ஊற்றிய நீர்க்கரைசலின் மேற்பரப்பு குழிந்து நிற்கும். ஏன்? நீரைக் கண்ணாடி தன்பக்கம் வலுவாக இழுப்பதால் ஓரம் சற்றே மேலேறிவிடுகிறது. குழிவின் அடிப்புள்ளியை, கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் பார்வைக்கோடு சாய்ந்து, 12.4 மி.லி. என்பது 12.3 போலத் தெரியும். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி.; ஆக, இரண்டு சொட்டுக் கணக்கு பிசகிவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மட்டும் கதை வேறு. அடர் ஊதா நிறத்தில் அடிக்குழிவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்கிறோம். தவறாகாதா? ஆகாது. தொடக்க அளவு, இறுதி அளவு இரண்டிலும் அதே வித்தியாசம் இருப்பதால், கழிக்கும்போது போய்விடும். நடுவில் மட்டும் விளிம்பை மாற்றிவிடாதீர்கள்.