எல்லையோர நடுகல் ஆய்வுத் தரவுகளின் காப்பும் பகிர்வும்: ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து

ஓசூர் வட்டாரத்தில் உள்ள ஒரு நடுகல், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மூன்று மாவட்டங்களுக்கு உரியதாகியுள்ளது. 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டம் உருவாகும்வரை அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அது சேலத்தின் கீழும், 1970களில் வெளிவந்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைப் பதிப்புகளில் தருமபுரியின் கீழும், இன்றைய ஆய்வேடுகளில் கிருஷ்ணகிரியின் கீழும் இடம்பெறுகிறது. எல்லைக்கு அப்பால் கோலார், பெங்களூர்ப் பகுதிகளின் தமிழ்க் கல்வெட்டுகள் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் உள்ளன. ஆநிரை கவர்தலும் மீட்டலும் நிகழ்ந்த நிலப்பரப்பு ஒன்றே. அதற்கான தரவோ இருவேறு பட்டியல் மரபுகளில் பிரிந்து கிடக்கிறது.

இச்சிக்கல் பட்டியலோடு முடிவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டைகள், கிரானைட் குவாரிகள், வீட்டுமனைப் பிரிவுகள், சாலை விரிவாக்கம் ஆகியவற்றால் நடுகற்கள் இடம்பெயர்கின்றன, உடைகின்றன. கல் மறைந்தபின் அதன் மைப்படியோ ஒளிப்படமோதான் மூலச்சான்று. அச்சான்று பெரும்பாலும் ஆய்வாளரின் கணினியில் மட்டுமே தங்குகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் 'சோத்கங்கா' தளத்தில் சேர்க்கப்படுகின்றன. அது பெரும்பேறு. எனினும் அங்குச் சேர்வது ஆய்வேடே. களத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள், மைப்படிகள், தகவலாளர் உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் அல்ல. பின்னிணைப்பில் சுருக்கப்பட்ட படத்தைக் கொண்டு ஒரு வட்டெழுத்து வாசிப்பைச் சரிபார்ப்பது அரிது. வாசிப்பை மறுக்கவும் இயலாமல் ஏற்கவும் இயலாமல் அடுத்த ஆய்வாளர் அதையே மேற்கோள் காட்ட நேர்கிறது. கல்வெட்டாய்வில் பிழையான பாடம் நீண்ட காலம் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலப்படிகள் எங்கு இருக்கின்றன என்பது எவ்வளவு பெரிய வினா என்பதை மைசூரு நிகழ்வு காட்டியது. இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் கல்வெட்டுப் பிரிவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. இடமாற்றம் ஒரு தீர்வே. ஆயினும் தாள் எந்நகரில் இருந்தாலும் அதன் எண்மப்படி இரு மாநில ஆய்வாளருக்கும் கிட்டுவதே முதன்மையானது. பெங்களூரின் மிதிக் சொசைட்டி அந்நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடல் செய்து பொதுவெளியில் வழங்கிவருகிறது. ஓசூரிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள இம்முன்மாதிரி எல்லைக்கு இப்பாலும் பொருந்தக்கூடியதே.

தமிழ்த்துறைகள் தொடங்கவேண்டிய இடம் எளியது. ஒவ்வொரு கல்லுக்கும் மாவட்டப் பெயரைச் சாராத நிலையான எண், அகலாங்கு, நெட்டாங்கு, பதிவுசெய்த நாள், படம் எடுத்தவர், ஊரின் பழைய, புதிய பெயர்கள் ஆகியன வேண்டும். படத்தைச் சுருக்கப்படாத வடிவிலும், வாசிப்பை ஒருங்குறியிலும் வைத்தல் வேண்டும். தனி எழுத்துருக்களில் தட்டச்சான பழைய ஆய்வேடுகள் சில இன்று திறந்தாலும் படிக்க இயலாதனவாகிவிட்டதை அறிந்தோர் இதன் தேவையை உணர்வர். ஒரே வன்தட்டை நம்பாது, குறைந்தது மூன்று படிகளை, அவற்றுள் ஒன்றை வேறொரு ஊரில், வைப்பது காப்பக நடைமுறை.

பகிர்வில் ஒரு வரம்பும் உண்டு. மல்லச்சந்திரம் போன்ற இடங்களின் கல்திட்டைகளைப் புதையல் தேடுவோர் சிதைக்கும் இடர் இருப்பதால், காவலற்ற ஈமச்சின்னங்களின் துல்லிய இருப்பிடத்தைப் பொதுவில் இடாமல் ஆய்வாளர் வேண்டுகோளின்பேரில் தருவதே தகும். வழிபாட்டில் உள்ள நடுகல்லைப் பற்றி ஊரார் கூறிய செய்திகளுக்கு அவர்தம் ஒப்புதல் பதிவாகியிருத்தல் வேண்டும். பெயரை மறைத்து வெளியிட அவர்கள் விரும்பின், மூலப்பதிவைக் காப்பகத்தில் மூடியும் எழுத்துப்படியைத் திறந்தும் வைக்கலாம்.