நடக்கக் காலே இல்லாமல் பிறக்கும் கடற்சிலந்தி! தெரியுமா?

எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால் என்று கேட்டால் எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கடலுக்குள் ஒரு சிலந்தி இருக்கிறது. அதில் பல இனங்கள் முட்டையிலிருந்து வெளியே வரும்போது நடக்கும் கால் ஒன்றுகூட இருக்காது!

கடற்சிலந்தியைத்தான் சொல்கிறேன். நம் வீட்டுச் சுவரில் ஓடுவதற்கு இது தூரத்து உறவு, அவ்வளவுதான். உலகக் கடல்களில் 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உடம்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் கால்! குடலின் கிளைகள் கால்களுக்குள் ஓடுகின்றன. பெண்ணின் முட்டைகள்கூடத் தொடைக்குள்தான் விளைகின்றன. காலே எல்லாமுமான இந்தப் பிராணி கால் இல்லாமல் பிறப்பது வேடிக்கைதானே?

அந்தக் குட்டிக்கு ‘புரோட்டோநிம்ஃபான்’ லார்வா என்று பெயர். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீட்டிய ஒரு குழாய் வாய், ஒரு ஜோடி இடுக்கி, அதன் பின்னால் கொக்கி நுனி வைத்த இரண்டு ஜோடிக் குட்டி உறுப்புகள். ஆக மொத்தம் மூன்றே ஜோடி. நீந்தத் தெரியாது. எதையாவது பற்றிக்கொண்டால்தான் பிழைப்பு. அதனால் பல இனங்களில் இடுக்கியின் அடியில் ஒரு முள் இருக்கிறது. அதன் வழியே பசைநூல் விட்டுத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. வளர்ந்தபின் வலையே பின்னாத சிலந்தி, குழந்தைப் பருவத்தில் மட்டும் நூல் விடுகிறது!

சரி, கால் எப்போது வரும்? தவணை முறையில்! சட்டை உரிக்க உரிக்க உடம்பின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும்; கால்கள் ஜோடி ஜோடியாக, முன்னிருந்து பின்னாக, முளைத்துக்கொண்டே வரும். ஐரோப்பியக் கரையோரங்களில் வாழும் ‘பிக்னோகோனம் லிட்டோரேல்’ இதில் இன்னொரு கூத்தும் செய்கிறது. புதிய கால்கள் வர வர, பிறக்கும்போது கொண்டுவந்த மூன்று ஜோடியும் கழன்று போய்விடும். பெரிய சிலந்தியிடம் இடுக்கி இருந்த சுவடே தெரியாது! சாப்பாடும் மாறிவிடும். லார்வா ஒட்டி உறிஞ்சுவது செடி என்று நம்மை ஏமாற்றும் ஹைட்ராய்டு பிராணியை. பெரியது உறிஞ்சுவது கடல் சாமந்தியை.

எட்டோடு நிறுத்தாதவையும் உண்டு. அண்டார்டிகக் கடலில் பத்துக்கால், பன்னிரண்டுகால் கடற்சிலந்திகள்கூட இருக்கின்றன!

பிள்ளை வளர்ப்பு யார் பொறுப்பு தெரியுமா? அப்பா! பெண் முட்டையிட்டதும் ஆண் அவற்றைப் பசையால் உருட்டி ஒட்டி, அதற்கென்றே உள்ள சின்னக் கால்களில் மாட்டிக்கொண்டு திரிகிறது. ‘நிம்ஃபான்’ வகையில் பொரித்த குட்டிகளும் கீழே இறங்குவதில்லை. உடம்பில் இருக்கும் மஞ்சள்கருவை வைத்தே காலத்தை ஓட்டி, நடக்கும் கால் முளைக்கும்வரை அப்பா மேலேயே சவாரி! கடல்குதிரை அப்பாவுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

ஆனால் அண்டார்டிகாவின் ராட்சதக் கடற்சிலந்தி, கால் விரித்தால் ஓர் அடிக்கும் மேல் வருவது, முட்டை சுமந்து யாருமே பார்த்ததில்லை. 140 ஆண்டுகளுக்கும் மேலான புதிர் அது. 2021-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனிக்கட்டிக்கு அடியில் மூழ்கி, கூடிக்கொண்டிருந்த சிலந்திகளைக் கையால் எடுத்துவந்து தொட்டியில் விட்டார்கள். விடை கிடைத்தது: அநேகமாக அப்பாவாகத்தான் இருக்கும், இரண்டு நாள் மெனக்கெட்டு ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பாறைத் தரையில் ஒட்டிவைத்தது. சில வாரங்களில் அவற்றின்மேல் பாசி படர்ந்து, அங்கே முட்டை இருப்பதே தெரியாமல் போனது!

எல்லாக் குட்டியும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். சில இனங்களின் லார்வா ஹைட்ராய்டுக்குள்ளேயே புகுந்து குடியிருந்து வளரும். ஜப்பானில் ‘நிம்ஃபோனெல்லா’ என்ற இனம் மட்டிக்குள் நுழைந்து அதன் உடல்நீரை உறிஞ்சியே பெரிதாகிறது. வளர்ந்தபின் மணலுக்குப் போய்விடும். 2007-ல் டோக்கியோ விரிகுடாவில் இது பெருகியபோது ‘அசாரி’ மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சாப்பாட்டு மேசையில் அன்றாடம் இருக்கும் மட்டி அது!

இந்த லார்வா எவ்வளவு பழசு தெரியுமா? சுவீடன் பாறைகளில் கிடைத்த, கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய ஒரு புதைபடிவத்தைக் கடற்சிலந்தி லார்வா என்று 2002-ல் அடையாளம் கண்டார்கள். வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள். டைனோசர் எல்லாம் நேற்று வந்தது!

கடைசியாக ஒன்று, என்னைக் கேட்டால் இதுதான் உச்சம். 2023-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. இளம் பிக்னோகோனத்தின் பின்பகுதியையே வெட்டிவிட்டார்கள். செத்துப்போகவில்லை! அடுத்தடுத்துச் சட்டை உரித்தபோது கால், குடலின் கடைசிப் பகுதி, ஆசனவாய் எல்லாம் பல குட்டிகளுக்குத் திரும்ப முளைத்தன. சட்டை உரிக்கும் பிராணிகளில் காலோ கொடுக்கோ மறுபடி முளைக்கலாம், உடம்பு முளைக்காது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பிவந்தார்கள். வளர்ந்து முடிந்த சிலந்திகளையும் அதேபோல் சோதித்தார்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூட முளைக்கவில்லை.