கிணற்றடியில் தொடங்கும் ஆங்கிலம்

எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ஒருநாள் சிறு பயிற்சியொன்று கொடுத்தோம். துயிலெழுந்தது முதல் பாடசாலைக்குப் புறப்படும் வரை செய்தவற்றை ஆங்கிலத்தில் எழுதுமாறு பணித்தோம். கிரிக்கெற் பற்றியும் நூலகம் பற்றியும் பிழையின்றி ஒரு பக்கம் எழுதவல்ல பிள்ளைகள் இங்கே தடுமாறிவிட்டனர். ஒருவன் காலையில் ஒரேயொரு பல்லை மாத்திரம் தீட்டியதாக எழுதியிருந்தான். இன்னொருவன் கிணற்றுக்கு உள்ளே இறங்கிக் குளித்திருந்தான். மூன்றாமவனோ துவாய்க்கு ஆங்கிலச் சொல் தெரியாமையால் ஈரம் துவட்டாமலே வகுப்புக்கு வந்து சேர்ந்துவிட்டான்!

பிள்ளைகளைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. பல் தீட்டினேன் என்று தமிழிலே சொன்னால் பல் ஒன்றா முப்பத்திரண்டா, அது எவருடைய பல் என்றெல்லாம் யாரும் வினவுவதில்லை. ஆங்கிலமோ இரண்டையும் வினவும். 'ரீத்' என்று பன்மையிலே சொல்லவேண்டும். அதன்முன் 'மை' என்று உரிமையும் நாட்டவேண்டும். முகம் கழுவினாலும், தலை வாரினாலும், நகம் வெட்டினாலும் இதுவே விதி.

இனிக் குளிப்புக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்துத் தலையோடு நீராடுவது முழுக்கு. தலை நனையாமல் நீர் வார்ப்பது மேல் கழுவுதல். தோய்தலோ உடம்புக்கும் உடுப்புக்கும் பொதுவான சொல். தலை நனைந்ததா இல்லையா என்பதே எமக்கு முதன்மையான கேள்வி. ஆங்கிலேயர்க்கு அக்கேள்வியே எழுவதில்லை. நீர் எவ்வாறு வந்தது என்பதையே அவர்கள் நோக்குவர். தொட்டியிலே நீரை நிரப்பி அதனுள் அமர்ந்தால் 'பாத்'. தலைக்கு மேலிருந்து நீர் பொழிந்தால் 'ஷவர்'. கைகழுவும் தொட்டியருகே நின்று முகம், கழுத்து, கை என்பவற்றைத் துப்புரவாக்கினால் வெறும் 'வாஷ்'. கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளி ஊற்றும் எமது குளிப்புக்கு அவர்களிடம் பழைய சொல் கிடையாது. இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கும் 'பக்கெற் பாத்' நாம் கட்டிக்கொடுத்த சொல் என்றே கொள்ளலாம்.

'பாத்' என்பதன் பக்கத்திலே 'பேத்' என்று ஒரு சொல் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதுவர். பிரித்தானிய வழக்கிலே கடலில் இறங்கி நீராடுவது 'பேத்'. குழந்தையைக் குளிப்பாட்டுவது 'பாத்'. அமெரிக்கரோ குழந்தைக்கும் 'பேத்' என்பர். புண்ணை 'பேத்' செய்க என்று மருத்துவர் சொன்னால், புண்ணை நீரிலே அமிழ்த்தி வைத்திருக்கவேண்டும் என்பதன்று; நீர்விட்டு மெல்லக் கழுவவேண்டும் என்பதே பொருள். வாய் கொப்பளித்தலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. வாய்க்குள் நீரை அலசித் துப்புவது 'றின்ஸ்'. தலையை அண்ணாந்து தொண்டையிலே நீரை நிறுத்தி ஒலியெழுப்புவது 'காகிள்'. மருந்துப் போத்தலின் ஒட்டுச்சீட்டை வாசிப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று.

மேல் கழுவுதலை 'பொடி வாஷ்' என்று மொழிபெயர்த்துப் பேசுவது எம் நாட்டு வழக்கம். அச்சொல்லை இன்று வெளிநாட்டுக் கடையிலே சொன்னால், திரவச் சவர்க்காரம் நிறைந்த போத்தலொன்றை எடுத்து நீட்டுவர்.

சில சொற்களின் பிறப்பைக் கேட்டால் மாணவர் வியப்பர். துவாய் எமக்குப் போர்த்துக்கேயர் வழியாக வந்தது; ஆங்கிலத்து 'ரவல்' பிரெஞ்சு வழியாக வந்தது; இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 'ஷம்பூ' இந்தியிலிருந்து சென்ற சொல். அழுத்து, பிடித்துவிடு என்பதே அதன் பழைய பொருள். 1759இல் பாட்னாவிலே பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைற்றன் நகரிலே நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் நடத்தி, அரசர்க்கே அப்பணி செய்யும் நிலைக்கு உயர்ந்தார். அச்சொல் தலைமயிருக்கு உரியதானது பின்னரே. 'ரொய்லெற்' என்பதும் முதலிலே சிறுதுணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே. ஒப்பனை மேசைமீது விரித்த துணியிலிருந்து ஒப்பனைக்கும், ஒப்பனை அறைக்கும், ஈற்றிலே மலசலகூடத்துக்கும் அது சென்றது. வாசனைத் திரவியப் போத்தலில் அச்சொல்லைக் கண்டு மாணவர் மூக்கைப் பொத்தவேண்டியதில்லை.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே கற்பிக்கத்தக்கவை. எமக்குச் சிரிப்பு வராத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு.

எமது தமக்கையாரின் மகள் திருமணமாகிக் கனடாவுக்குச் சென்றவள். 2017ஆம் ஆண்டில் ஒருநாள் வயிற்றுநோவென்று தனியே மருத்துவரிடம் போயிருந்தாள். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்குமுன் தாதியொருத்தி அவளது கடைசி 'பீரியட்' எப்பொழுது என்று வினவினாள். எம் பெண் அறிந்த 'பீரியட்' நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுதான். பாடசாலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆயிற்று என்றாளாம். தாதி திகைத்து, கையால் வயிற்றைக் காட்டி மீண்டும் கேட்டாள். இம்முறை விளங்கிற்று, ஆனால் விடைக்குச் சொல் இல்லை. கருவுற்றிருப்பவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்வதன்றோ எமது ஊர் வழக்கம்? அதனையே சொல்லுக்குச் சொல் மாற்றி, இரண்டு மாதமாகத் தான் குளிக்கவில்லை என்று நாணத்தோடு ஆங்கிலத்திலே சொல்லியிருக்கிறாள். தாதி முகம் சுளிக்காமல் துவாயும் சவர்க்காரமும் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த வயதான தமிழ் அம்மையார் ஒருவர், "பிள்ளை, முழுகாமல் இருக்கிறியோ?" என்று கேட்டு, எழுந்துபோய்த் தாதியிடம் விளக்கினார். படம் எடுப்பது நிறுத்தப்பட்டது. கருவுற்ற வயிற்றிலே எக்ஸ் கதிர் படுவதை இயன்றவரை தவிர்ப்பது மருத்துவ முறை. அக்கேள்வி கேட்கப்பட்டதும் அதன்பொருட்டே.

அப்பெண்ணுக்கு ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் வேறெவருமல்லர், நாமே. எம் வீட்டு விறாந்தையில் இருந்து, பாடநூலிலே இருந்த அத்தனை சொற்களையும் அவள் மனனம் செய்தாள். தாயும் மகளும் கிணற்றடியிலே பேசும் சொற்கள் பாடநூலில் இல்லை, நாமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியராகிய எமக்கும் நாணமே தடையாயிருந்தது என்பதை மறைப்பானேன்?

இப்பொழுது மேல்வகுப்பிலே குளிப்பு, துப்புரவு பற்றிய சொற்களுக்கென ஒரு கிழமை ஒதுக்குகிறோம். 'பீரியட்' என்பதற்குப் பாடவேளை, மாதவிலக்கு என்னும் இரு பொருளையும் கரும்பலகையில் எழுதுகிறோம். முதல்நாள் பின்வரிசையிலே சிரிப்பொலி எழுந்தது. அது அடங்கும் வரை காத்திருந்து, இரண்டாவது பொருளை இன்னொருமுறை உரக்க வாசித்தோம்.