பற்சூத்தையும் இலத்திரனியற் கருவியும்: ஓர் அளவீட்டின் சமூகப் பொருள்

புலன்களுக்கு எட்டாததைக் கருவி காட்டும்போது, காட்டப்படுவது யாது, அதற்குப் பொருள் கூறுவோர் யாவர் என்னும் வினாக்களும் உடனெழுகின்றன. பற்சூத்தையைக் கண்டறியும் இலத்திரனியற் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

பல்லின் மேற்படையாகிய மிளிரி பெரும்பாலும் கல்சியம், பொசுபேற்றுச் சேர்ந்த பளிங்குகளாலானது. பல்லிற் படியும் பற்றீரியாக்கள் சீனியிலிருந்து அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் கனிப்பொருளைக் கரைக்கின்றது. இவ்விளக்கத்தை 1890 இல் மில்லர் முறையாக முன்வைத்தார். குழி தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே கரைதல் தொடங்கிவிடும். அந்நிலையில் உமிழ்நீரும் புளோரைட்டும் துணைசெய்யின் இழந்த கனிப்பொருள் ஓரளவு மீளவுங்கூடும். கூரிய சலாகையாற் குத்திப் பார்க்கும் பழைய முறையோ நலிந்த மேற்பரப்பைத் தானே உடைத்துவிடலாம். கடைவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பில் தோன்றும் தொடக்கநிலைச் சிதைவு எக்ஸ் கதிர்ப் படத்திலும் தெளிவாகப் புலப்படுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே புதிய கருவிகள் வந்தன.

அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது, ஜேர்மனியின் கவோ நிறுவனம் 1998 இல் வெளியிட்ட டயக்னோடென்ற் ஆகும். அது 655 நனோமீற்றர் அலைநீளமுடைய செந்நிற லேசர் ஒளியைப் பல்லிற் செலுத்துகின்றது. சிதைந்த இடம் அதனை உறிஞ்சி, நீண்ட அலைநீளமுடைய ஒளியை வெளிவிடும். இப்புளோரொளிர்வு 0 முதல் 99 வரையான எண்ணாகத் திரையில் தோன்றும். ஆனால் இங்கு அளக்கப்படுவது கனிப்பொருளின் இழப்பன்று. பெரும்பாலும் பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் போபிரின் போன்ற சேர்வைகளின் ஒளிர்வே. எனவே கறையும் பற்காறையும் எண்ணை உயர்த்திவிட, நோயற்ற பல்லும் நோயுற்றதாகக் காட்டப்படலாம்.

இவ்விடத்திலேயே பொருளாதாரம் குறுக்கிடுகின்றது. செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே கட்டணம் பெறப்படும் அமைப்பில், உயர்ந்த எண் பல்லைத் துளைப்பதற்கான சான்றாகிவிடும். நோயாளியால் எண்ணோடு வாதிட முடியாது. ஒருமுறை துளைத்து அடைக்கப்பட்ட பல் மீண்டும் பழைய பல்லாவதில்லை; அடைப்பும் காலப்போக்கில் மாற்றப்பட வேண்டியதாகின்றது. அதே எண்ணை, குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து ஒப்புநோக்கும் மருத்துவர், காத்திருப்பதற்கும் தடுப்பதற்கும் பயன்படுத்தலாம். கருவி ஒன்றே, அது இயங்கும் உறவுகளே வேறு.

நோயின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அடிமை உழைப்பின் மீது எழுந்த கரும்புத் தோட்டங்கள் ஐரோப்பாவுக்குச் சீனியை வழங்கின. பிரித்தானியா 1874 இல் சீனி மீதான இறக்குமதி வரியை நீக்கியபின் அது தொழிலாளரின் அன்றாட உணவாயிற்று. பற்சூத்தையும் உடன் பெருகியது. உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேர் நிரந்தரப் பற்களிற் சூத்தையுடையோர் என உலக சுகாதார நிறுவனத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. வாய்நோயுற்றோரில் நால்வருள் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வதாகவும் அது கூறியது.

இவர்களுட் பலருக்கு லேசர்க் கருவி மட்டுமன்றி, பல்மருத்துவரே எட்டாத் தொலைவில் உள்ளார். புளோரைட்டுப் பற்பசை 2021 இல் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. கருவியை மறுப்பது எமது நோக்கமன்று. அது தனியொருவரின் பல்லிலுள்ள சிதைவைக் காட்டும். அச்சிதைவைப் பெருக்கும் உணவு வணிகத்தையும் மருத்துவ வசதியின் ஏற்றத்தாழ்வையும் ஆராய்வது சமூக விஞ்ஞானத்தின் கடன்.