டாக்டர் ஜோசியர் அல்ல!

"இவர் உயிரை மாய்த்துக்கொள்வாரா? யாரையாவது அடித்துவிடுவாரா?"

மனநோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிற உறவினர்கள் டாக்டரிடம் கேட்கும் கேள்விகள் இவை. பென்னாகரத்துக்காரரானாலும் சரி, அரூர்க்காரரானாலும் சரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும்போது இந்தக் கவலையையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

மார்க் போட்டு இதற்கு விடை சொல்ல முடியுமா?

முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவில் பொகார்னி என்ற டாக்டர் 4,800 மனநோயாளிகளைச் சோதித்து, 803 பேரை ஆபத்து மிகுந்தவர்கள் என்று பிரித்தார். ஐந்து ஆண்டுகள் கவனித்து 1983-இல் முடிவை வெளியிட்டார். தற்கொலை செய்துகொண்டவர்கள் 67 பேர். அவர்களில் 30 பேரே அந்த 803 பேரில் இருந்தார்கள். மற்ற 37 பேரும் 'ஆபத்து இல்லை' என்று ஒதுக்கப்பட்டவர்கள்!

மார்க் அட்டையைக் கொண்டு நாளை நடப்பதைக் கணிக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022-இல் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

என்ன கேட்கிறார்?

அப்படியானால் டாக்டரின் வேலை என்ன? வாய்விட்டுக் கேட்பதுதான். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? முன்பு முயன்றது உண்டா? தூக்கம் வருகிறதா? குடிப்பழக்கம் உண்டா? மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது வீண் பயம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

முந்தைய முயற்சியைப் போலீசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களும் உண்டு. மறைத்தால் டாக்டருக்கு முக்கியமான தகவல் கிடைக்காமல் போகும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது.

வீட்டில் இருக்கும் விஷம்

டாக்டர் கேட்கும் இன்னொரு கேள்வி, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பது. தர்மபுரி விவசாயம் நிறைந்த மாவட்டம். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில், 1995-க்குப் பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

சங்கிலி வேண்டாம்

மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. குடி, போதை, முன்பு அடித்த வழக்கம், 'என்னைக் கொல்ல வருகிறார்கள்' என்ற பயம் ஆகியவை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்குச் சிகிச்சை உண்டு; சங்கிலி மருந்தாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் பலியானார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

வீடு திரும்பிய பின்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். 'குணமாகிவிட்டார்' என்று விட்டுவிடாமல், மருந்தைத் தவறாமல் கொடுத்து, குறித்த நாளில் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விஷத்தைப் பூட்டி வைத்து, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் மனம் கலங்கினாலும் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமல்ல, அவரைக் காத்து நிற்கும் குடும்பத்தாரும் பேசலாம்.