பாட்டரிக்கு ஒரு தாழ்ப்பாள்

உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் ரப்பர் பாண்டு சுற்றியிருக்கிறதா? இருந்தால் வெட்கப்பட வேண்டாம். பல வீடுகளில் இதே கதைதான். உள்ளே இருக்கும் மின்கலங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ரிமோட்டுக்கும் குறையில்லை. மூடியின் ஓரத்தில் இருந்த சிறிய பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிட்டது, அவ்வளவுதான். கால் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு துண்டு போனதால் முழுக் கருவியும் ரப்பர் பாண்டை நம்பிப் பிழைக்கிறது!

ரிமோட்டில் இது நடந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மடிக்கணினியில் நடந்தால் என்ன ஆகும்?

கடலூரிலிருந்து சிதம்பரத்திலுள்ள கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வந்த மாணவர் ஒருவரின் மடிக்கணினியை நான் பார்த்ததுண்டு. மேசைமேல் வைத்திருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். மடியில் தூக்கி வைத்தால் பட்டென்று அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பாடக் குறிப்பெல்லாம் போய்விடும். அவர் கண்டுபிடித்திருந்த வைத்தியம் வேடிக்கையானது. பேருந்துச் சீட்டு ஒன்றை நான்காக மடித்து, பாட்டரிக்கும் கணினியின் உடலுக்கும் இடையே செருகியிருந்தார். அதன்பின் கணினி அணையவில்லை. இந்தச் சீட்டு செய்த வேலை என்ன என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பாட்டரியின் அருமையை அந்த மாவட்டத்தாருக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பாட்டரி தனிப் பெட்டியாக அடிப்புறத்தில் பொருந்தியிருக்கும். பெரும்பாலானவற்றில் பெட்டிக்குள் 6 மின்கலங்கள். ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் அயனி உருளை. உருளை ஒன்று ஏறத்தாழ 45 கிராம். பெட்டி, மின்சுற்று எல்லாம் சேர்ந்து 300 கிராமுக்குச் சற்று மேலே வரும். இந்த 300 கிராமைக் கணினியோடு பிடித்து வைப்பதுதான் தாழ்ப்பாளின் வேலை. கேட்கும்போது எளிதாகத்தான் தோன்றுகிறது.

முப்பது கிலோவின் கணக்கு

பை தோளிலிருந்து நழுவி 1 மீட்டர் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொட்டபின் பையின் துணியும் உள்ளிருக்கும் நோட்டுகளும் அமுங்கி, 1 செ.மீ. தூரத்துக்குள் கணினி நின்றுவிடுகிறது. 100 செ.மீ. விழுந்து சேர்த்த ஆற்றல் முழுவதும் 1 செ.மீ.க்குள் செலவாக வேண்டும். ஆகவே நிறுத்தும் விசை எடையைப் போல ஏறத்தாழ 100 மடங்கு இருக்க வேண்டும். 300 கிராம் பாட்டரி அந்தக் கணத்தில் 30 கிலோ மூட்டையைப் போல் தாழ்ப்பாளை இழுக்கும்!

ஆனால் அதே தாழ்ப்பாளை நீங்கள் ஒரு விரலால் தள்ளித் திறக்க வேண்டும். விரல் கொடுக்கும் விசை அரைக் கிலோ எடைக்குச் சமம் என்று கொள்ளலாம். முப்பது கிலோவுக்கு அசையாதது அரைக் கிலோவுக்கு அசைய வேண்டும். இது எப்படி முடியும்?

இதற்கு விடை தேடிச் சிதம்பரத்துத் தேரடிக்குப் போகலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முன்னாள் அங்கே ஐந்து தேர்கள் ஓடும். அச்சிலிருந்து சக்கரம் கழன்று வெளியே வராமல் தடுப்பது எது? அச்சின் முனையில் குறுக்கே செருகியிருக்கும் கடையாணி. வளைவில் தேர் திரும்பும்போது சக்கரம் அச்சின் வழியே வெளிப்பக்கமாகத் தள்ளும். எவ்வளவு தள்ளினாலும் கடையாணி தானாகக் கழன்று வருவதில்லை. ஏனென்றால் அது கழலும் திசை வேறு. சக்கரம் தள்ளுவது பக்கவாட்டில். ஆணி வருவதோ மேல்நோக்கி. இரண்டுக்கும் இடையே 90 பாகை. செங்குத்தான திசையில் ஒரு விசைக்குப் பங்கு ஏதும் கிடையாது என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இது.

மடிக்கணினியின் தாழும் கடையாணியின் பேரப்பிள்ளைதான். பாட்டரி வெளியேற விரும்பும் திசைக்குக் குறுக்கே தாழின் நாக்கு நகர்கிறது. நம் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் நாதாங்கிக்குள் நுழைவது போல, நாக்கு பாட்டரியின் பக்கத்திலுள்ள பள்ளத்துக்குள் நுழைகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. பாட்டரி எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அவ்வளவு பலமாக நாக்கும் பள்ளமும் ஒன்றையொன்று அழுத்தும்; உராய்வு கூடும்; நாக்கு நகர்வது மேலும் கடினமாகும்.

நாக்கின் இரண்டு முகங்கள்

கதவைச் சாத்தினாலே ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் நாக்கில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் நேராகவும் இருக்கும். பாட்டரித் தாழிலும் அப்படியே. பாட்டரியை உள்ளே தள்ளும்போது அது சரிவான முகத்தில் மோதி, நாக்கைப் பின்னுக்குத் தள்ளி, இடம் வந்ததும் விட்டுவிடும். சுருள்வில் நாக்கைத் திரும்பப் பள்ளத்துக்குள் அனுப்பும். வெளியே வர முயலும்போது எதிர்ப்படுவது நேர் முகம்.

அந்த நேர் முகம் உண்மையிலேயே நேராக இருக்க வேண்டும். அச்சு வார்ப்பில் அது சற்றுச் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்? சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு உராய்வுக் கெழுவைவிடக் குறைவாக இருக்கும்வரை நாக்கு வழுக்காது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராயும்போது கெழுவை 0.3 என்று கொண்டால், கோணம் ஏறத்தாழ 17 பாகை வருகிறது. அப்படியானால் 10 பாகை சாய்ந்தாலும் கவலையில்லை என்று நினைப்பீர்கள். மேசைமேல் கவலையில்லைதான். ஆனால் பேருந்தில்? அதிர்வில் இரு முகங்களும் நொடிக்குப் பலமுறை தொட்டும் விட்டும் இருக்கின்றன. விட்டிருக்கும் கணத்தில் உராய்வு என்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் நாக்கு மயிரிழை பின்வாங்கும். சுருள்வில் வலுவில்லாததாக இருந்தால் சிறுகச் சிறுகத் தாழ் திறந்துவிடும். இதனால்தான் கவனமுள்ள வடிவமைப்பாளர் அந்த முகத்தைச் செங்குத்தாகவோ, கொக்கி போல் ஓரிரு பாகை உட்பக்கம் வெட்டியோ வைப்பார்.

சுருள்வில்லுக்குக் கடலூர்க் கடற்கரையில் இன்னொரு பகைவன்: உப்புக் காற்று. சாதாரண எஃகுக் கம்பி துருப்பிடித்து இறுகும். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் அந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது தவறு என்பது என் கருத்து.

ஒன்று போதாதா, இரண்டு எதற்கு?

பழைய மடிக்கணினியைக் கவிழ்த்தால் பெரும்பாலும் இரண்டு தாழ்கள் தெரியும். ஒன்றைத் தள்ளினால் அங்கேயே நிற்கும். மற்றொன்றைத் தள்ளினால், விரலை எடுத்ததும் திரும்பி வந்துவிடும். ஒன்றில் சுருள்வில் உண்டு, மற்றதில் இல்லை. இது கஞ்சத்தனமோ என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். இரண்டிலும் சுருள்வில் இருந்தால் எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. இடக் கை ஒன்றைப் பிடிக்க வேண்டும், வலக் கை மற்றொன்றைப் பிடிக்க வேண்டும்; பாட்டரியை இழுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒன்று தள்ளிய இடத்தில் நின்றால் போதும். ஒரு கை சுருள்வில் தாழைப் பிடிக்க, மறு கை பாட்டரியை எடுத்துவிடலாம். ஆனால் பைக்குள் கிடக்கும் டிபன் பாக்ஸின் மூலை இரண்டையும் அடுத்தடுத்துத் தள்ளுவது அரிது.

இரண்டு தாழ்களும் திறக்கும் திசையையும் கவனியுங்கள். பல கணினிகளில் ஒன்று இடப்புறமாகவும் மற்றது வலப்புறமாகவும் திறக்கும். இதுவும் கணக்கோடு செய்ததே. நாக்கின் நிறை 2 கிராம், சுருள்வில்லின் விசை 2 நியூட்டன் என்று கொள்வோம். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம்: நொடிக்கு நொடி 1000 மீட்டர். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. முன்பு பார்த்த 1 மீட்டர் வீழ்ச்சியிலும் அதே 100 மடங்குதானே வந்தது! பை பக்கவாட்டில் விழுந்தால், சடத்துவத்தாலேயே நாக்கு பின்வாங்கித் தாழ் திறந்துகொள்ளும் விளிம்பில் இருக்கிறோம் என்று பொருள். நாக்குகள் எதிர் எதிர்த் திசையில் திறப்பவையாக இருந்தால், ஒன்றைத் திறக்கும் அதிர்ச்சி மற்றதை இன்னும் இறுக்கி மூடும். நாக்கை உலோகத்துக்குப் பதில் இலேசான பிளாஸ்டிக்கில் செய்து நிறையைப் பாதியாக்கினால், திறக்கத் தேவையான அதிர்ச்சி இரு மடங்காகும்.

சரி, இப்போது அந்தப் பேருந்துச் சீட்டுக்கு வருவோம். பாட்டரிக்கும் கணினிக்கும் இடையே மின்சாரம் போவது சில மெல்லிய உலோகத் தகடுகள் வழியாக. நேர், எதிர் முனைகளோடு, பாட்டரியின் வெப்பநிலையையும் மீதியுள்ள மின்னூட்டத்தையும் தெரிவிக்கும் இணைப்புகளும் அங்கே உண்டு. இத்தகடுகள் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விலகினாலும் கணினி அணைந்துபோகக்கூடும். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் அதற்குமேல் தாங்குவதில்லை. அந்த மாணவரின் கணினியில் தாழ் முறியவில்லை. தேய்ந்திருந்தது. பாட்டரிக்கு மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஆட்டம் வந்துவிட்டது. நான்காக மடித்த மெல்லிய தாளின் தடிப்பும் ஏறத்தாழ அவ்வளவே! ஆட்டத்தைச் சீட்டு விழுங்கிவிட்டது. நல்ல வடிவமைப்பில் இந்த வேலையை ஒரு சிறு பட்டை வில் செய்யும். பாட்டரியை எப்போதும் ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருக்கும்.

கழற்ற முடிவதன் பயன்

இவ்வளவு தொல்லை எதற்கு, பாட்டரியை உள்ளேயே வைத்துத் திருகாணி போட்டு மூடிவிடலாமே என்று கேட்கலாம். அப்படித்தான் செய்தார்கள். 2008இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெல்லிய மடிக்கணினியில் தாழே இல்லை. தாழ், பள்ளம், பாட்டரிக்கென்று தனிப் பெட்டி எல்லாம் போனதால் கணினி மெலிந்தது. மற்றவர்களும் மெல்ல அவ்வழியே போனார்கள்.

ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2006 ஆகஸ்டில், சோனி தயாரித்த மின்கலங்களுக்குள் உலோகத் துகள்கள் கலந்திருந்ததால் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பது தெரிந்து, டெல் நிறுவனம் 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பக் கேட்டது. மக்கள் தாழைத் தள்ளினார்கள், பாட்டரியைக் கழற்றினார்கள். புதியது வரும்வரை கணினியை மின்கம்பியில் மாட்டி ஓட்டினார்கள். 2016இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகள் தீப்பிடித்தபோது அவற்றின் பாட்டரியைக் கழற்ற வழியில்லை. கைப்பேசியையே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வகையின் உற்பத்தியே நின்றுபோனது.

லித்தியம் அயனி மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். கணினியின் மற்ற உறுப்புகள் அதைவிட நெடுநாள் உழைக்கும். தாழ் உள்ள கணினியில் புதிய பாட்டரி மாட்ட ஒரு நிமிடம் போதும். இல்லாததை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். இதை எண்ணித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் பெரும்பாலான கையடக்கக் கருவிகளின் பாட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது அதன் விதி. நம் நாட்டில் 2022இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. பாட்டரி உப்பியிருந்தால் தாழ் இறுகிக்கொள்ளும். அப்போது ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். கணினியை அணைத்து, மின்னேற்றாமல், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இனி ஒரு சோதனை. ஒரு தீப்பெட்டியில் ஈர மணலை நிரப்பி ஒட்டுங்கள், இதுதான் பாட்டரி. அது ஆட்டமில்லாமல் நுழையும் அளவில் கெட்டி அட்டையில் அடிப்பக்கம் திறந்த கூடு செய்யுங்கள். தீப்பெட்டியின் இரு பக்கமும் பள்ளம் வெட்டி, அட்டையில் வெட்டிய இரண்டு நாக்குகளை ரப்பர் பாண்டு இழுத்துப் பிடிக்கும்படி கூட்டில் பொருத்துங்கள். முதலில் இரண்டு நாக்கும் ஒரே பக்கமாகத் திறக்கும்படி வையுங்கள். கூட்டைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் மேசை விளிம்பில் 20 முறை தட்டுங்கள். பிறகு ஒரு நாக்கைத் திருப்பி, எதிர்ப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றி மறுபடி 20 முறை தட்டுங்கள். எந்த அமைப்பில் எத்தனை முறை தீப்பெட்டி விழுந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாண்டை இரட்டையாக்கியும், நாக்கின் நேர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டியும் திரும்பச் செய்யலாம். மணல் உலர்வதற்குள் எல்லாத் தட்டல்களையும் முடித்துவிடுங்கள். உலர்ந்தால் எடை குறைந்து கணக்கு மாறிவிடும்.